பாரத்துக்கு ஏற்ற விசிறி

அக்கா கல்யாணத்தைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தால், ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பாயசத்தில் உப்பு விழுந்ததை ஒருவர் சொல்வார், தவில்காரர் தூங்கிப்போனதை இன்னொருவர் சொல்வார். நான் பேசாமல் உட்கார்ந்திருப்பேன். நாலு பேர் நடுவில் எனக்குப் பேச்சு வராது. வந்தாலும், எனக்கு நினைவிருப்பது ஒரு மோட்டார் படகின் விசிறி. கல்யாணக் கதையில் அதை யார் கேட்கப்போகிறார்கள்?

அப்போது எங்கள் நாகலாபுரம் பக்கம் எல்லைப் பேச்சு ஓயாமல் நடந்துகொண்டிருந்தது. எந்த ஊர் ஆந்திராவோடு இருக்கும், எந்த ஊர் மதராஸோடு போகும் என்று டீக்கடையில் தினமும் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பேச்சு எங்கள் வீட்டுக்குள்ளும் வந்தது. அக்காவை அம்மாவின் தம்பிக்கு, அதாவது எங்கள் மாமாவுக்குக் கொடுப்பது என்று அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோதே பேசி வைத்திருந்தார்கள். மாமா மதராஸில் படகு மோட்டார் பழுதுபார்க்கும் கடையில் மெக்கானிக். தெலுங்கில் அவருக்கு ஒரு வார்த்தை தெரியாது. இனிமேல் தெலுங்கு தெரிந்த மருமகன் இருந்தால்தான் தாலுகா கச்சேரியில் நம்மை மதித்துப் பேசுவார்கள் என்று அப்பாவுக்கு, எங்கள் பேச்சில் நைனாவுக்கு, தோன்றிவிட்டது. ஏரிக்கு அக்கரையில், தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்த தூரத்துச் சொந்தக்காரரைப் பேசி முடித்துவிட்டார். ராஜ்யத்தையே மாற்றி எழுதும் காலத்தில் ஒரு பெண்ணை மாற்றிக் கொடுப்பது பெரிய காரியமா? வீட்டில் யாரும் வாய் திறக்கவில்லை. மாமாவும் திறக்கவில்லை.

கல்யாணம் மாப்பிள்ளை வீட்டில், தை மாதம். ஐப்பசி மழையில் நிரம்பிய ஏரி வடியவில்லை. அக்கரைக்குப் போகும் தாழ்ந்த பாதை தண்ணீருக்குள் கிடந்தது. வண்டியில் போனால் ஏரியைச் சுற்றி அரை நாள் ஆகும். மாமன் சீராகத் தானே பெண்ணை மோட்டார் படகில் கொண்டுபோய் விடுவதாக மாமா சொல்லி அனுப்பினார். நைனாவுக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த வட்டாரத்தில் எந்தப் பெண்ணும் மோட்டாரில் ஏரியைத் தாண்டியதில்லை.

மாமா ஒரு பழைய மோட்டாரைச் சாக்கில் சுற்றி, பஸ் கூரையில் போட்டுக் கொண்டுவந்தார். மண் ஏற்றும் காண்டிராக்டரிடம் கேட்டு வாங்கிய படகின் பின்பலகையில் அதை மாட்டினார். கூடவே, தண்ணீருக்குள் சுற்றிப் படகைத் தள்ளும் விசிறிகள் இரண்டு கொண்டுவந்திருந்தார். பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஒன்றின் இதழ்கள் மட்டும் கொஞ்சம் அதிகமாக முறுக்கிக்கொண்டிருந்தன. நான் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்ப்பதைக் கண்டு, கேட்காமலே சொன்னார்.

“இத பிட்ச்சுன்னு சொல்லுவாங்க பாப்பா. ஒரு சுத்து சுத்துனா படகு எவ்ளோ தூரம் போவும்ங்கற கணக்கு. வெறும் ஆளு எட்டி எட்டி நடப்பான். தலையில நெல்லு மூட்டை இருந்தா அப்டி நடப்பானா? கிட்ட கிட்டத்தான் அடி வெப்பான். அதான். முறுக்கு ஜாஸ்தியா கீறது எட்டி நடக்கறது, கம்மியா கீறது மூட்டை தூக்கறது.”

பாரம் தெரியாமல் விசிறி மாட்டக்கூடாது என்பதால், கல்யாணத்துக்குப் போகிறவர்களை ஏற்றி ஒருமுறை ஓட்டிப் பார்க்கலாம் என்றார். நைனா ஒத்துக்கொள்ளவில்லை. பூஜை போடாத வண்டியில் ஆள் ஏற்றுவது உண்டா? மாமா தனியாகத்தான் ஓட்ட வேண்டியிருந்தது.

முதலில் மூட்டை தூக்குகிற விசிறியை மாட்டினார். மோட்டார் அலறியது, படகு நிதானமாகப் போனது. கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். மாவு மெஷின் தண்ணியில போவுது பாரு என்றார் ஒருவர். அடுத்து மற்றதை மாட்டினார். படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு பறந்தது. கரையே கைதட்டியது. இதுதான் என்று நைனா அந்த இடத்திலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார். எத்தனை பேர் ஏறுவார்கள் என்று மாமா கேட்டதற்கு, பெண்ணும் நாலு பொம்பளைகளும்தான், மற்றவர்கள் எல்லாம் வண்டியில் என்றார். அப்படியானால் சரிதான் என்று மாமாவும் விட்டுவிட்டார். சாயங்காலம் விசிறிக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, மோட்டார் கழுத்தில் எலுமிச்சம்பழம் கட்டி, தேங்காய் உடைத்தார்கள்.

நைனாவும் அம்மாவும் அக்கரை ஏற்பாடுகளைப் பார்க்க முன்னதாகவே வண்டியில் கிளம்பிவிட்டார்கள். படகுக்கு நைனாவின் அக்கா, எங்கள் அத்தைதான் பொறுப்பு. கல்யாணத்தன்று காலையில் மற்ற வண்டிகள் காலியாக நின்றன. மோட்டார் படகு இருக்கும்போது மாட்டு வண்டியில் குலுங்க யாருக்குத் தலையெழுத்து? பெரியம்மாக்கள், சித்திகள், அவர்கள் இடுப்பில் பிள்ளைகள், வரிசைத் தட்டுகள், முறுக்கு அண்டா, தவில்காரர், தவில் எல்லாம் ஏறின. ஒருவரை இறங்கச் சொன்னால் அந்த வருத்தம் பேரன் கல்யாணம் வரை தீராது. அதனால் யாரும் யாரையும் இறங்கச் சொல்லவில்லை. விசிறியை மாற்றிவிடுகிறேன் என்று மாமா குனிந்தார். “பூஜை போட்டத கழட்டுவியாடா? நல்ல காரியத்துக்குப் போறோம்” என்று அத்தை அதட்டினாள். மாமா நிமிர்ந்துவிட்டார்.

ஏரி நடுவில் போவதற்குள் மோட்டார் முனக ஆரம்பித்தது. தவில்காரர் தட்டுவதை நிறுத்திவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். எரிந்த எண்ணெய் வாசனை. படகு நகர்வதே தெரியவில்லை. அக்கரையில் எங்களை எதிர்கொள்ள வந்தவர்களின் குடைகள் கண்ணுக்குத் தெரிந்தன. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. முகூர்த்தம் தப்பினால் என்ன ஆகும் என்று பெரியம்மா ஒருத்தி ஆரம்பித்தாள். அந்தச் சம்பந்தி நாளைக்கு வா என்கிற ஆள் இல்லை, கல்யாணமே நின்றுபோகும் என்று அத்தை முடித்தாள்.

மாமா மோட்டாரை அணைத்தார். திடீரென்று ஏரி அத்தனை அமைதியாகிவிட்டது. மோட்டாரைத் தூக்கிச் சாய்த்து, எலுமிச்சம்பழத்தை அறுத்து எறிந்துவிட்டு, விசிறியைக் கழற்றினார். இந்த முறை அத்தை தடுக்கவில்லை. விசிறியைத் தண்டோடு பிடித்து வைப்பது விரல் நீளம்கூட இல்லாத ஒரு பித்தளைப் பின். அது அவர் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது. மற்ற விசிறியைத் தண்டில் கோத்துவிட்டு, மாமா அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

பின் இல்லாவிட்டால் தண்டு மட்டும் சுற்றும், விசிறி சுற்றாது என்றார். அதற்குள் காற்று படகை மெல்ல எங்கள் ஊர்ப் பக்கமே திருப்பிக்கொண்டிருந்தது. துடுப்பும் இல்லை. மோட்டார் படகில் துடுப்பு வைத்தால் மோட்டாருக்கு அவமானம் என்று நைனா எடுத்துவிடச் சொல்லியிருந்தார்.

மாமா யாரையும் பார்க்காமல் கொஞ்ச நேரம் கையைத் துடைத்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அன்று காலையிலிருந்து அப்போதுதான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

“என்னாமே, திரும்பிடலாமா?”

பெண்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். “மாமன் பொண்ணத் தூக்கிக்கினு போவப் பாக்கறான்டி, கெட்டியாப் புடிச்சிக்கங்க” என்றாள் அத்தை. அக்கா சிரிக்கவில்லை. மடியில் இருந்த தேங்காயையே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்று இன்னும் கொஞ்சம் தள்ளியது. அக்கரைக் குடைகளில் ஒன்றை யாரோ உயர்த்தி ஆட்டினார்கள். அக்கா கையைப் பின்னால் கொண்டுபோய், பூவுக்குள் விரலைவிட்டு, தடியான இரும்புக் கொண்டை ஊசி ஒன்றை உருவி நீட்டினாள்.

“இது ஆவுமா பாரு மாமா.”

மாமா உடனே வாங்கவில்லை. வாங்கிய பிறகும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஆவும்” என்றார்.

குறடால் ஊசியை மடித்து, நறுக்கி, தண்டில் செருகினார். கயிற்றை இழுத்ததும் மோட்டார் அலறியது. யாரும் அதை மாவு மெஷின் என்று சொல்லவில்லை. படகு அத்தனை பேரையும் சுமந்துகொண்டு அடிமேல் அடி வைத்துப் போனது. நாங்கள் இறங்கி ஓடினோம். தாலி நேரத்துக்குக் கட்டியாயிற்று.

மறுநாள் மாமா படகில் தனியாகத் திரும்பினார். நானும் ஏறிக்கொண்டேன். எனக்குப் பறக்க வேண்டும் என்ற ஆசை. பாரம் இல்லையே என்று அவரும் வேக விசிறியை எடுத்தார். ஊசித் துண்டைத் தட்டி வெளியே எடுத்து ஓரமாக வைத்தார். பிறகு காக்கிக் கால்சட்டைப் பையில் கைவிட்டு ஒரு பித்தளைப் பின்னை எடுத்தார். அவர் உள்ளங்கையில் இன்னும் நாலைந்து இருந்தன.

“நேத்தே இருந்துதா மாமா?”

“இருந்துது.”

படகு பறந்தது. நான் வாயைத் திறந்து காற்றைக் குடித்துக்கொண்டு வந்தேன்.

இரண்டு நாள் கழித்து அம்மா வீட்டுக்கு வந்து கல்யாணப் பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அம்மாவிடம் மட்டும் பேச்சு வரும். மாமா எவ்வளவு மறதிக்காரர், பை நிறையப் பின்னை வைத்துக்கொண்டு அக்கா தலையிலிருந்து ஊசி வாங்கினார் பார் என்று சொல்லிச் சிரித்தேன். அம்மாவும் சிரிக்கத்தான் ஆரம்பித்தாள். பிறகு கை நின்றுவிட்டது.

“இத அக்காகிட்ட எப்பவும் சொல்லாத” என்றாள்.

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். மதராஸ் மெக்கானிக்குக்குத் தன் பையில் என்ன இருக்கிறதென்றே தெரியாது என்று வெளியே தெரிந்தால், மாமாவிடம் யார் மோட்டாரைப் பழுதுபார்க்கக் கொடுப்பார்கள்? அம்மா தன் தம்பியின் பிழைப்பைக் காப்பாற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.