இரண்டு சர்வரும் ஒரு கோப்பைக் கஞ்சியும்

துறைமுகத்துப் பக்கம் நான் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற களஞ்சியத்தில், இந்த நோன்பு மாதம் யோகன் அண்ணா செத்துப்போனார். பின்னோக்கி வந்த போர்க்லிப்ட் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் அகப்பட்டு... ஓட்டியவர் கிண்ணியா நளீம் நானா. இரண்டு பேரும் ஒரே பார்சலைப் பிரித்துச் சாப்பிடுகிறவர்கள்.

நளீம் நானாவை அழக்கூட விடவில்லை. பொலிஸ் கொண்டுபோனது.

ஏன்? ஷிப்ட் ஆறரைக்கு முடியும். கமராவில் விபத்து நடந்த நேரம் ஆறு ஐம்பது. ‘வேலை முடிந்த பிறகு தன்பாட்டுக்கு மெஷினை எடுத்தார்’ என்று கம்பனி எழுதிக்கொடுத்தது. அவர் விளக்கமறியலுக்குப் போனார்.

“டைமுக்குள்ளதான் சேர் நடந்தது” என்று கூட நின்றவர்கள் சொன்னார்கள். யார் கேட்டது? காயப்பட்டவரை ஏற்றிய வேன் வெளியே போன நேரத்தை, வாசலில் வாகனங்களைப் பதிகிற கேட் சர்வரும் பதிந்திருந்தது. கமராவோடு அச்சொட்டாகப் பொருந்தியது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது என்று அம்மா நம்புகிறா. நானும் நம்பினேன் — அந்த வீடியோவைப் பார்க்கும்வரை.

அதில் எல்லாரும் நோன்பு திறக்கிறார்கள். கஞ்சிக் கோப்பையோடு நானும் நிற்கிறேன். மூலையில் ஓடுகிற நேரம் ஆறே முக்கால். அந்த நாட்களில் நோன்பு திறக்கிற மஃரிப் பாங்கு ஆறு இருபதுக்கே சொல்லிவிடும். பாங்கு கேட்ட பிறகும் பேரீச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு இருபத்தைந்து நிமிடம் காத்திருக்கிற நோன்பாளியை நீங்கள் எங்கேயாவது கண்டிருக்கிறீர்களா?

சர்வர்களைத் திறந்து பார்த்தேன். கமரா சர்வர், கேட் சர்வரிடம் நேரம் கேட்கிறது. கேட் சர்வர், கமரா சர்வரிடம் கேட்கிறது. சரியான நேரம் வைத்திருக்கிற வெளி சர்வர் ஒன்றை இரண்டுக்குமே யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. ஒன்றின் பிழையை மற்றது நம்பி, இரண்டும் கைகோர்த்தபடி இருபத்தைந்து நிமிடம் முன்னால் ஓடியிருக்கின்றன. விபத்து உண்மையில் நடந்தது ஆறு இருபத்தைந்துக்கு, ஷிப்டுக்குள்.

மனேஜரிடம் போனேன். சிரித்தார்.

“ரெண்டு கம்ப்யூட்டர் ஒரே நேரத்தச் சொல்லுது. நீர் கஞ்சிக் கோப்பையச் சாட்சிக்குக் கூப்பிடுறீரோ?”

“அதே வீடியோவில நீங்களும் நிக்கிறீங்கள் சேர்.”

நின்றார்தான். ‘லொறி காத்துக்கொண்டு நிக்குது, கெதியா ஏத்துங்கோ’ என்று வாசலில் நின்று கை வீசினார். அதனால்தான் நளீம் நானா வாயில் பழத்தோடு ஓடிப்போய் மெஷினில் ஏறினார். அதனால்தான் யோகன் அண்ணா அவசரமாகப் பின்பக்கம் போனார்.

மனேஜருக்கு முகம் கறுத்தது. “முதல்ல அந்த மணியச் சரியாக்கும். மிச்சத்த நாங்கள் பாப்பம்.”

அறை ஒன்றுக்குள் இருந்து ஒருவரையொருவர் மட்டும் கேட்டுக்கொள்கிறவர்கள் ஒருநாளும் முரண்பட மாட்டார்கள். சர்வர் என்றாலும் சரி, சேர்மார் என்றாலும் சரி.

மணியைத் திருத்த முதல், பிழையாக இருந்தபடியே எல்லாவற்றையும் பிரதி எடுத்தேன். நளீம் நானாவின் சட்டத்தரணியிடம் கொடுத்தேன். கோர்ட்டில் ஏறிச் சொன்னேன். அவருக்குப் பிணை கிடைத்தது. எனக்கு வேலை போகலாம். பார்ப்போம்.

வெளியே வந்த நளீம் நானா நேரே என்னிடம் நடந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றுதான் கேட்டார்.

“தம்பி, வீடியோவப் பாத்த நீங்கதானே... யோகன் கஞ்சி குடிச்சவனா? நான்தான் ஊத்திக் குடுத்தன்.”

பார்த்தேன்தான். சூடு ஆறட்டும் என்று யோகன் அண்ணா அதைப் பீப்பாய்க்கு மேல் வைத்துவிட்டுப் போனார். வீடியோ முடியும்வரை கோப்பை அங்கேயே இருக்கிறது, நிறைந்தபடி.

“ஓம் நானா, குடிச்சவர்.”

கோர்ட்டில் சொன்னது முழுக்க உண்மை. பொய் இது ஒன்றுதான்.