பேக்கரியில் நான்கு நாற்காலிகள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை. வடவள்ளியில் நான் வழக்கமாக டீ குடிக்கும் பேக்கரியின் முதலாளி நடராஜ் என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

“ஏனுங்க, வெள்ளிக்கிழமை கொத்தனார் வாராருங்க. வாசலை இடிச்சுக் கிழக்க பாத்து வெக்கப் போறனுங்க.”

“எதுக்கு?”

“கூட்டமே இல்லீங்களே! வாசல்தான் கோளாறுன்னு வாஸ்துக்காரர் சொல்லிப்போட்டாரு.”

கூட்டம் இல்லாதது உண்மைதான். காலை நடை முடித்து இங்கே வந்து அரட்டை அடித்தவர்கள் எல்லாம் இப்போது எதிர்க்கடையில் நிற்கிறார்கள். இப்படியே போனால் கடையை மூட வேண்டியதுதான் என்று நடராஜ் பயந்துபோயிருந்தார்.

சும்மா இருப்பாரா? பார்த்தவர்களை எல்லாம் விசாரித்திருக்கிறார். ஒருவர், டாக்டர் டீயைக் குறைக்கச் சொன்னார் என்றாராம் — எதிர்க்கடையில் டீ குடித்துக்கொண்டே! இன்னொருவர், “அந்தப் பக்கம் நெழலா இருக்குதுங்க” என்றாராம். விடிந்தும் விடியாத நேரத்தில் என்ன வெயில், என்ன நிழல்?

‘ஏன்’ என்று கேட்கும் முன் ‘எப்போதிலிருந்து’ என்று கேட்பது என் பழக்கம். கேட்டேன்.

“ஆடி முடிஞ்சு கடையப் புதுப்பிச்சனுங்களே... அதுக்கப்புறந்தானுங்க.”

எதிர்க்கடை அதற்கு வெகு காலம் முன்பிருந்தே இருக்கிறது. வாசலும் கட்டிய நாளிலிருந்து அதே இடத்தில்தான். புதிதாக வந்தவை பெயின்ட், கண்ணாடி அலமாரி, நான்கு நாற்காலிகள். ஆனால், ஒன்றுக்குப் பின்னால் வந்ததெல்லாம் அதனால் வந்ததாகிவிடுமா? பெயின்ட் அடித்ததற்கா ஒரு கூட்டமே கலையும்?

நேரில் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். எதிர்க்கடைக்கு மாறியவர்களில், டவுன்ஹால் பகுதியில் துணிக்கடை வைத்திருக்கும் காதர் பாயையும் அவருடைய நடைத் தோழர்கள் நால்வரையும் மறுநாள் காலை நடராஜ் கடைக்கே டீ குடிக்க அழைத்தேன். வந்தார்கள்.

“உக்காருங்க பாய்.”

“அட, நீங்க உக்காருங்க.”

“நீங்க நிக்கறப்ப நான் உக்காருவனுங்களா?”

“முழங்கால் வலின்னீங்களே!”

“அது போன வாரமுங்க!”

ஆட்கள் ஐந்து, நாற்காலி நான்கு. ஐந்து பேரும் நின்றார்கள். கல்லாவிலிருந்து நடராஜ், “உக்காருங்கண்ணா, உங்களுக்காகத்தான் வாங்கிப் போட்டேன்!” என்றார். அவ்வளவுதான்... சூடான டீயை அவசரமாக விழுங்கிவிட்டு ஆளுக்கொரு பக்கம் கிளம்பிவிட்டார்கள்.

உட்கார்ந்தால் நிற்பவருக்கு மரியாதைக் குறைவு. நின்றால் நாற்காலி போட்டவருக்கு மரியாதைக் குறைவு. எதிர்க்கடையில் நாற்காலியே கிடையாது. எல்லோரும் நிம்மதியாக நிற்கலாம்!

தெருவில் காதர் பாயைப் பிடித்தேன். “இதை நடராஜ்கிட்டச் சொல்லியிருக்கலாமே?”

“ஆசையா வாங்கிப் போட்டிருக்காரு. எப்படீங்க சொல்றது?”

ஒருவருக்கும் கெட்ட எண்ணமில்லை. ஆளாளுக்கு நல்லவராக இருந்தே ஒரு கடையை ஏறக்குறைய மூடியிருப்பார்கள்!

விஷயத்தைச் சொன்னதும் நடராஜ் நாற்காலிகளை மாடிக்கு ஏற்றினார்; கொத்தனாரை வரவேண்டாம் என்றார். சனிக்கிழமை பழைய கூட்டம் வாசலை அடைத்து நின்றது. நடராஜுக்கு வாயெல்லாம் பல். தெரியாதவர் போல, “என்ன பாய், திடீர்னு இந்தப் பக்கம்?” என்றார்.

காதர் பாய் கொஞ்சமும் யோசிக்கவில்லை. “உங்க மொகத்தப் பாக்காம இருக்க முடியலீங்க!”

மழை ஏன் பெய்தது என்று மேகத்தைக் கேட்க முடியாது. மனிதர்களைக் கேட்கலாம். பதிலும் சொல்வார்கள்... சிக்கலே அங்குதான்!