நாகவல்லி கருத்துச் சொல்லாத ஞாயிறு

நெமிலிச்சேரி நாகவல்லிக்கு வாய் சும்மா இருக்காது. முன்பின் தெரியாதவர் வீட்டுக் கல்யாணத்தில்கூட மாப்பிள்ளையின் மாலை கோணலாக இருந்தால், மேடையேறிச் சரிசெய்துவிட்டுத்தான் பந்திக்குப் போவாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டை தைக்கும் கம்பெனியில் அவள் சூப்பர்வைசர். அதட்டுவது அங்கே வேலை, வெளியே பழக்கம்.

அப்படிப்பட்டவளைத்தான் பூந்தமல்லி ஷேர் ஆட்டோ ஓட்டுநர் சங்கத் தேர்தலுக்குப் பார்வையாளராக அனுப்பினார்கள். போன தேர்தல் அடிதடியில் முடிந்ததால், இந்த முறை வெளியாள் ஒருவர் இருந்து பார்க்கட்டும் என்று இரு தரப்பும் ஒப்புக்கொண்டிருந்தன. அவளை அனுப்பிய தன்னார்வக் குழுவின் கிருஷ்ணப்பிரியா அரை நாள் வகுப்பெடுத்தாள்.

"பாருங்க, கேளுங்க, எழுதுங்க. யார் குடுத்தாலும் வாங்கிச் சாப்பிடாதீங்க. முக்கியமா, கருத்து சொல்லாதீங்க."

"தப்பு நடந்தா?"

"தேர்தல் அதிகாரிகிட்ட சொல்லுங்க. நீங்களே போய் சரிபண்ணாதீங்க."

நாகவல்லி அதையும் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

ஞாயிறன்று மண்டபத்தில் உட்கார்ந்ததும் பழைய தலைவர் துலுக்கானம் தட்டோடு வந்தார். "சாப்டுக்கா, நம்ம ஊட்டு பிரியாணி." எதிர்த்து நின்ற ஜம்புலிங்கம் போட்டிக்கு இளநீர் நீட்டினார். இரண்டையும் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டு, கொண்டுபோயிருந்த தயிர்சாதத்தைப் பிரித்தாள். ஒருவர் ஓட்டுச்சீட்டை எட்டாக மடித்துப் பெட்டிக்குள் திணிக்கப் போராடினார். நாகவல்லியின் கை தானாக எழுந்தது. அதை இழுத்துத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள். துலுக்கானத்தின் ஆள் வரிசைக்குள் புகுந்து ஓட்டுக் கேட்டபோது மட்டும், தேர்தல் அதிகாரியான வக்கீல் நிர்மலின் காதில் போட்டாள். அவர் அந்த ஆளை வெளியேற்றினார்.

எண்ணிப் பார்த்தால் இருவருக்கும் சமமான ஓட்டு. மறுபடி எண்ணினார்கள், அதேதான். சத்தம் கிளம்பியது.

"அந்தக்கா காலைலேர்ந்து பாத்துகினு கீது. அதுவே சொல்லட்டும்," என்றது ஒரு குரல். மண்டபமே அவள் பக்கம் திரும்பியது.

இத்தனை காலம் யாரும் கேட்காமலே கருத்துச் சொன்னவள். இன்று ஊரே கேட்கிறது. துலுக்கானம் வெறும் வாய்ப்பந்தல், ஜம்புலிங்கம்தான் வேலைக்கு ஆகிற ஆள் என்று மத்தியானமே அவள் முடிவு கட்டியிருந்தாள். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

"நான் பாக்க வந்தவ, சொல்ல வந்தவ இல்ல," என்றாள். "உங்க சங்க விதியில இன்னா கீதோ அதப் பண்ணுங்க."

விதியில் குலுக்கல் என்று இருந்தது. அதில் துலுக்கானத்தின் பெயர் விழுந்தது.

வெளியே வந்து தன் காசில் டீ குடித்துக்கொண்டிருந்தவளிடம் ஜம்புலிங்கமும் ஒரு கிளாஸோடு வந்து நின்றார்.

"மெய்யா சொல்லுக்கா. உன் மனசுல நான்தான?"

"டீ ஆறுது அண்ணாத்தே, குடி."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குடித்து முடித்து உள்ளே போய், துலுக்கானத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

வீட்டில் கணவர் நடேசன் ஆவலோடு காத்திருந்தார். "ரெண்டு பேர்ல யாரு தேவல?"

"அதெல்லாம் சொல்லக்கூடாது."

நடேசன் எழுந்து வந்து அவள் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.