மாஸ்டரின் சாம்பல் நிற பேண்ட்

என் வீட்டுக்காரரை எல்லோரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். முப்பது வருடமாகப் பேண்ட் தைக்கிறார். அவர் வெட்டித் தைப்பார். நான் காஜா எடுத்து, அடி மடித்து, இஸ்திரி போட்டுக் கொடுப்பேன். ஆள் படியேறும்போதே இடுப்பு எத்தனை அங்குலம் என்று சொல்லிவிடுவார். அரை அங்குலம் தப்பாது. அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அவருடைய இடுப்பு நாற்பத்திரண்டு. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து குடியேறியிருந்தன. போன வருடம் சிறுநீரகமும் சேர்ந்துகொண்டது.

"கிட்னி நூத்துக்கு முப்பத்தினாலு அளவுக்குத்தான் வேலை செய்யுது. ரொம்ப இறங்கிடுச்சுன்னா டயாலிசிஸ்தான். மூணு மாசத்துக்கு ஒருதடவை ரத்தம் குடுத்துப் பாருங்க. இடுப்பையும் குறைங்க" என்றார் டாக்டர்.

மாஸ்டர் காதில் ஏறியது கடைசி வார்த்தை மட்டும்தான். அவருக்குத் தெரிந்த விஷயம் அது ஒன்றுதானே.

நடந்தார். தட்டில் பாதியை மிச்சம் வைத்தார். பசியே இல்லை என்பார், அதையும் கட்டுப்பாடு என்பார். இடுப்பு முப்பத்தெட்டுக்கு வந்தது. வீட்டில் விரல் குத்திப் பார்க்கும் சர்க்கரையும் தானாக இறங்கியது.

"சுகர் என்னைப் பாத்துப் பயந்து ஓடுதுடி!"

ரத்தப் பரிசோதனைக்குப் போகலாம் என்றால், "நல்லா இருக்கறவனுக்கு எதுக்கு டெஸ்டு? போய் வேலையைப் பாரு" என்று விரட்டினார். அப்படியே பதினோரு மாதம் ஓடிவிட்டது.

அவரது சாம்பல் நிற பேண்ட்டை இடுப்பில் இரண்டு முறை பிடித்துத் தைத்தார். வருகிறவர்களிடமெல்லாம் இடுப்புப் பட்டைக்குள் கையை விட்டு ஆட்டிக் காட்டுவார். கல்யாணத்தன்றுகூட அந்த மனுஷன் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

ஒரு நாள் அதே பேண்ட்டை என் மடியில் போட்டார்.

"கால்கிட்ட பிடிக்குது. கொஞ்சம் பிரிச்சு விடு. மட்டமான துணி, சுருங்கிடுச்சு."

பிரித்து விட்டேன். ஆறு வாரம் கழித்து மறுபடியும் கொண்டுவந்தார். மறுபடியும் பிரித்து விட்டேன். இடுப்பில் தொளதொளக்கிற துணி காலில் மட்டும் எப்படிச் சுருங்கும்? நான் கேட்கவில்லை. ஊசியில் நூல் கோத்தேன்.

போன செவ்வாய்க்கிழமை வெட்டும் மேஜை மேலேயே தலைசுற்றிச் சாய்ந்தார். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். ரத்தம் எடுத்தார்கள். முப்பத்தினாலு, ஒன்பதாகியிருந்தது.

"ஆனா சுகர் நல்லா இறங்கியிருக்கே டாக்டர்?" என்றார் மாஸ்டர்.

"அது நல்லதுக்கு இறங்கலைங்க. கிட்னி சரியா வேலை செய்யாததால சுகர் மாத்திரை வெளிய போகாம உடம்புலயே தங்குது. அதான் இறங்குது."

"இடுப்பு நாலு அங்குலம் குறைஞ்சிருக்கு."

டாக்டர் குனிந்து, கணுக்காலுக்கு மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எத்தனை நாளா கால் வீங்கியிருக்கு?"

"வீக்கமா? எனக்கா?" என்றார் மாஸ்டர். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். அடுத்த வாரமே டயாலிசிஸ் தொடங்க வேண்டும், வாரத்துக்கு மூன்று நாள் என்றார் டாக்டர்.

வீட்டுக்கு வந்ததும் அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. துவைத்த துணியை மடித்து வைத்தேன். மாஸ்டர் முக்காலியில் உட்கார்ந்து, இஞ்ச் டேப்பைத் தன் கெண்டைக்காலில் சுற்றினார்.

"பதினாறு. முன்ன எவ்வளவுன்னு தெரியலையே."

"எனக்கும் தெரியாது. பேண்ட் கால் சுத்தளவு பதினாலு இருந்துச்சு. இப்ப பதினேழு."

நிமிர்ந்து பார்த்தார்.

"அப்ப உனக்குத் தெரியும்."

"ம்."

"ஏன்டி சொல்லலை?"

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க."

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டேப்பைச் சுருட்டி என் கையில் வைத்தார்.

"இனிமே அளவு நீயே எடு" என்றார்.