ஆறு டோர்ச் பெட்டரியில் ஓடிய சண்டை

ஆறு டோர்ச் பெட்டரிகளைத் தலையும் வாலுமாக வரிசையில் வைத்து, சைக்கிள் டியூப் துண்டால் இறுக்கிக் கட்டினால் டீவி கேம் ஓடும் என்று எங்கள் தோட்டத்தில் கண்டுபிடித்தவன் நான்தான். அப்போது எனக்குப் பதினோரு வயது. படிப்பு பின்னால் எட்டாம் வகுப்போடு நின்றுவிட்டது, மூளை நிற்கவில்லை. இன்றைக்குப் பண்டாரவளையில் மின்சாதனக் கடை இரண்டு வைத்திருக்கிறேன். படித்து வந்த பிள்ளைகள் திறந்து பார்த்து உதட்டைப் பிதுக்கும் பெட்டியை நான் காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்தே கோளாறு சொல்வேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதத்தான் நினைத்தேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன், இருக்கட்டும்.

எங்கள் தேயிலைத் தோட்டம் ஹல்துமுல்லைக்கு மேலே இருந்தது. தொண்ணூறுகளின் நடுவில் தொழிற்சாலைக்கும் துரை பங்களாவுக்கும் கரண்டு இருந்தது, நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்துக்கு இல்லை. எங்கள் வீட்டில் ஒரு கறுப்பு வெள்ளை டீவி இருந்தது. லொறியிலிருந்து கழித்துப்போட்ட பெட்டரி ஒன்றில்தான் அது உயிர் வாழ்ந்தது. சனிக்கிழமை பெட்டரியைத் தலையில் சுமந்து டவுனுக்குப் போய் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வந்தால், ஞாயிறு பகல் போடுகிற தமிழ்ப்படம் முடியும் வரைக்கும் தாங்கும். சில வாரங்களில் கதாநாயகி அழத் தொடங்கும்போதே படம் சுருங்கிவிடும். மீதிக் கதையை லயத்துப் பெண்கள் தாங்களே பேசி முடித்துக்கொள்வார்கள்.

அந்த லயத்துக்குத்தான் என் தாய்மாமா கொழும்பிலிருந்து ஒரு டீவி கேம் பெட்டியைக் கொண்டுவந்தார். அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்தவர். ஏறத்தாழ ஒரு வருடம் கடிதமே இல்லாமல் இருந்து, திடீரென்று ஒருநாள் மெலிந்துபோய் வந்து நின்றார். வேலையை விட்டுவிட்டார் என்று மட்டும் எங்களுக்குச் சொன்னார்கள். பெட்டியைப் பார்த்ததும் அடுத்த வீட்டு அத்தை சிரித்துவிட்டார்.

“கரண்டு இல்லாத லயத்துக்குக் கரண்டுப் பொட்டி வாங்கிட்டு வந்திருக்காரு பாரு, கொழும்புத் தொரை!”

பெட்டியின் அடியில் ஒன்பது என்று ஒரு எண் இருந்தது. டோர்ச் பெட்டரியில் ஒன்றரை என்று இருந்தது. ஒன்றரையை எத்தனை தடவை கூட்டினால் ஒன்பது வரும் என்று அன்று மாலை முழுவதும் கரித்துண்டால் சுவரில் கூட்டிப் பார்த்தேன். மறுநாள் பெட்டி ஓடியது. அத்தை அதற்குப் பிறகு சிரிக்கவில்லை.

கேசட் ஒன்றே ஒன்றுதான். அதன் மேல் ஒட்டியிருந்த படத்தில், இடிந்த நகரத்தின் நடுவில் ஒருவன் துப்பாக்கியோடு ஓடினான். பின்னால் நண்டுக்கால்களோடு இயந்திரங்கள். இது ஓர் இங்கிலீஷ் படத்தை வைத்துச் செய்த கேம் என்றும், அந்தப் படத்தைத் தான் கொழும்புத் தியேட்டரில் பார்த்ததாகவும் மாமா சொன்னார். எங்களுக்கு அது போதும். அதன்பிறகு மாமா வாயைத் திறந்தால் லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரும் சுற்றி உட்கார்ந்துவிடுவோம்.

“ஒரு காலம் வரும். ஊரு பூரா மெஷினு ஆட்சி. மனுசன் தெருவுல நடக்க முடியாது. நடந்தா மெஷினு நிப்பாட்டிக் கேக்கும்.”

“என்னா கேக்கும் மாமா?”

“நீ யாரு, எங்க போறன்னு கேக்கும்.”

அப்படியே கதை நகரும். கதாநாயகனின் தங்கை ஒரு பெரிய மதிலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறாள். மதிலில் ஒரு கேட். கேட்டுக்கு முன்னால் சனங்களை வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவர் முகத்திலும் வெளிச்சம் அடித்துப் பார்க்கிறது பெரிய இயந்திரம். நம் ஆளும் அந்த வரிசையில் நிற்கிறான். அவனுக்கு முன்னால் இன்னும் மூன்று பேர். இரண்டு பேர். ஒருவர்.

“அப்புறம்?”

“அப்புறம் நீயே வெளையாடிப் பாரு மருமகனே.”

எத்தனை தடவை சொன்னாலும் கதை சரியாக அங்கேயே நின்றுவிடும். வறுத்த கடலை கொடுத்தும் கேட்டுப் பார்த்தோம். கடலையைத் தின்றுவிட்டு அதே பதிலைச் சொன்னார். கேட் திறந்ததா, தங்கை கிடைத்தாளா என்ற கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை என்று சொன்னால் பொய், நன்றாகத்தான் தூங்கினேன். ஆனால் விழித்ததும் அதுதான் முதல் நினைப்பு.

விளையாட்டில் ஒழுங்கு வேண்டும் என்று நான்தான் பெரட்டு வைத்தேன். கொழுந்து பறிக்கப் போகிறவர்களைக் காலையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அதேபோல் பிள்ளைகளை வாசலில் நிறுத்திப் பெயர் கூப்பிடுவேன். பிந்தி வந்தவனுக்கு அன்றைக்கு ஆட்டம் இல்லை. சின்ன வயதிலேயே எனக்கு அந்தத் திறமை இருந்தது.

மாமா விளையாடும் விதம்தான் எங்களுக்கு வேடிக்கை. அது ஓடிக்கொண்டே சுடுகிற விளையாட்டு. அவரோ சுடவே மாட்டார். இயந்திரம் வந்தால் குழாய்க்கு அடியில் குனிந்து காத்திருப்பார். வாய்க்குள் எண்ணுவார். அது கடந்துபோனதும் எழுந்து நாலடி நடப்பார்.

“சுடுங்க மாமா!”

“எதுக்குடா? அது பாட்டுக்குப் போகுது.”

அவரிடம் இன்னொரு பழக்கமும் இருந்தது. வீட்டுக்குள்ளும் சட்டையைக் கழற்ற மாட்டார். பையில் பொலித்தீனில் சுற்றிய ஏதோ ஓர் அட்டை. அடிக்கடி கை தானாகப் போய் அதைத் தொட்டுப் பார்க்கும். நாங்கள் அவருக்குப் பின்னால் நின்று, சட்டையில்லாத நெஞ்சைத் தடவித் தடவிச் சிரிப்போம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சுட்டுச் சுட்டு நாங்கள் இரண்டாவது கட்டத்திலேயே செத்துக்கொண்டிருக்க, குனிந்து குனிந்து அவர் நாலாவது வரைக்கும் போனார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. சுட வேண்டிய இடத்தில் நான், காத்திருக்க வேண்டிய இடத்தில் மாமா. மாறி மாறிப் பிடித்தால் கேட்டைத் தொட்டுவிடலாம். அதற்கு டீவி பெட்டரி முழுசாக வேண்டும். அதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் படத்தை லயமே விட்டுக்கொடுக்க வேண்டும்.

“ஒரு பொம்ம ஓடுறதுக்காக நான் படத்த விடணுமா? போடா அங்கிட்டு” என்றார் அத்தை.

“அந்தத் தங்கச்சி என்னா ஆனான்னு ஒங்களுக்குத் தெரிய வேணாமா அத்த?”

அத்தை யோசித்தார். அடுப்படியிலிருந்து அவரும் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். “தெரிஞ்சாத்தான் ஒனக்குச் சோறு எறங்கும் போல. சரி, இந்த ஒரு வாரந்தான்” என்றார். மற்ற வீடுகளையும் அவரே பேசிச் சரிக்கட்டினார்.

அந்த ஞாயிறு நல்ல மழை. எங்கள் ஒற்றையறைக் காம்பராவில் மூச்சுவிட இடமில்லை. முதல் கட்டம் நான். இரண்டாவதில் பாதி மாமா. கைக்குக் கை மாற்றிக்கொண்டே போனோம். ஐந்தாவது கட்டத்துக்கு வந்தோம். இடிந்த நகரம் முடிந்து, ஒரு மதில் தெரிந்தது. அதில் கேட்.

“வந்திருச்சு! மாமா, புடிங்க! இதுல சுடக் கூடாது!”

மாமா வாங்கிக்கொண்டார். ஆளைக் குனியவைத்தார். ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினார். திடீரென்று பெரிய இயந்திரம் வெளிச்சத்தைப் போட்டது. டீவி முழுவதும் வெள்ளையாகி, காம்பராவே பளீரென்று ஆனது.

மாமாவின் வலக்கை பொத்தானை விட்டுவிட்டுச் சட்டைப் பைக்குப் போனது. அட்டையை எடுத்து, டீவிக்கு முன்னால் எழுந்து நின்றார்.

நம் ஆள் விழுந்தான். அதுதான் கடைசி உயிர். பெட்டரியும் தீர்ந்து டீவி சுருங்கி ஒரு புள்ளியாகி அணைவதற்கு முன்னால், மதிலில் கறுப்பாக ஒரு கோட்டைக் கண்டேன். விரற்கடை அகலம். கேட் திறக்கத் தொடங்கியிருந்தது. டீவிக்குப் பக்கத்தில் மூக்கு உரச உட்கார்ந்திருந்த எனக்கு மட்டும்தான் அது தெரிந்திருக்க வேண்டும்.

“பயந்தாங்கொள்ளி!” என்று கத்தினேன். “பொம்ம வெளிச்சத்துக்கே பயந்து எந்திரிச்சிட்டாரு! ஐயோ, இவரு ஒரு ஆளு!”

காம்பரா முழுவதும் சிரித்தது. அத்தை கண்ணில் நீர் வரச் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் முதுகில் ஒன்று வைத்தார். அதுவரை என்னை அடிக்காதவர்.

“அடிக்காதக்கா” என்றார் மாமா. அட்டையைத் திரும்பப் பொலித்தீனில் சுற்றிக்கொண்டே என்னிடம் குனிந்தார். “மருமகனே, நான் கைய விட்டப்புறம், கேட்டு தொறந்துச்சா?”

எனக்கு அழுகையும் ஆத்திரமும். “தெரிஞ்சுக்கிட்டே என்கிட்ட எதுக்குக் கேக்குறீங்க?” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் மெல்லச் சிரித்தார்.

அடுத்த வாரம் மாமா மொனராகலைப் பக்கம் கரும்பு வெட்டப் போய்விட்டார். பெட்டியை எனக்கே விட்டுப்போனார். கோபத்தில் நான் அதைப் பரணில் போட்டேன். பெட்டரிகளைக் கழற்றாமல் போட்டேன். மாதக்கணக்கில் அவை கசிந்து உள்ளேயிருந்த கம்பிகளை அரித்துத் தின்றுவிட்டன. கோளாறு பார்ப்பதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று சொன்னேனே, அந்தப் பெட்டியை மட்டும் இன்றுவரை என்னால் ஓட்ட முடியவில்லை.

பதினேழு வயதில் நானும் கொழும்புக்கு வேலைக்குப் புறப்பட்டேன். அம்மா என் அடையாள அட்டையைப் பொலித்தீனில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துவிட்டுச் சொன்னார்: “மொதலாளி கேட்டாலும் குடுத்து வச்சிராத.”

அப்போதுதான் மற்றதையும் சொன்னார். தோட்டத்திலிருந்து கடைக்கு வேலைக்குப் போகிறவர்களின் அட்டையை முதலாளிமார் வாங்கி மேசை லாச்சியில் பூட்டி வைப்பது அப்போது வழக்கம். ஆள் சொல்லாமல் ஓடிவிடக் கூடாது அல்லவா? பத்திரமாக இருக்கும் என்று எங்கள் ஆட்களும் கொடுத்துவிடுவார்கள். மாமாவும் கொடுத்தார். ஒரு லீவு நாளில், பையில் ஒன்றுமில்லாமல் படம் பார்க்கப் போனார். படம் பாதியில் நிற்க, தியேட்டரில் எல்லா விளக்கையும் போட்டார்கள். யுத்த காலம் அது; பொலிஸ்காரர்கள் எல்லோரையும் வரிசையில் நிறுத்தி, முகத்தில் டோர்ச் அடித்து, அட்டையைக் கேட்டுக்கொண்டே வந்தார்கள். மாமாவுக்கு முன்னால் மூன்று பேர். இரண்டு பேர். ஒருவர். பிறகு அவர் சிறையிலிருந்து வெளியே வர எட்டு மாதம் ஆனது.

வந்ததும் நடைபாதைக் கடையில், பாதியில் நின்ற அந்தப் படத்தின் கேசட்டைப் பார்த்து, பெட்டியோடு வாங்கியிருக்கிறார்.

என் கடைகளில் வேலை செய்கிறவர்களின் அட்டையை நான் வாங்கி வைப்பதில்லை. ஏமாந்தவன் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

ஆனால் கேட் விரற்கடை அளவு திறந்திருந்தது. அதை நான் கண்டேன். அவர் என்னிடம் குனிந்து கேட்கவும் கேட்டார். கதை முழுவதும் தெரிந்த மனிதருக்கு அதைப்போய் எதற்குச் சொல்வது என்றுதான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தேன்.