டெல்மர் வாத்தியாரின் நூறு கஜம்

எஸ்டகாடாவில் கார் ஓட்டப் பழக வேண்டுமானால் டெல்மர் ஹோவிக்கிடம்தான் போயாக வேண்டும். ஆரிகன் மாநிலத்து மலையடிவாரத்தில், ஆற்றை ஒட்டிக் கிடக்கும் அந்தச் சின்ன ஊரில் வேறு டிரைவிங் வாத்தியார் கிடையாது. அவரிடம் பழகியவர்களுக்குப் பிரேக், கண்ணாடி, சிக்னல், பனியில் சறுக்கினால் என்ன செய்வது என்பதெல்லாம் அத்துப்படியாகிவிடும். வழி மட்டும் தெரியாது. வாத்தியாருக்கே தெரியாததை மாணவர்களுக்கு எப்படிச் சொல்லித்தருவார்?

ஒருமுறை அவருடன் போன ஒரு பெண், அவர் சொன்ன இடத்திலெல்லாம் ஒழுங்காகத் திரும்பித் திரும்பி, பக்கத்து மாவட்டத்துக்கே போய்ச் சேர்ந்துவிட்டாள். அங்கிருந்த பெட்ரோல் பங்கிலிருந்து அவள் அம்மாவுக்குப் போன் செய்தபோது டெல்மர் போனை வாங்கி, கொஞ்சம்கூடக் கூச்சப்படாமல், "இன்னிக்கு மலைப்பாதைப் பயிற்சிங்க. தனியாக் காசு வேண்டாம்" என்றார். அந்தப் பெண் லைசென்ஸ் சோதனையில் முதல் தடவையே தேறினாள். அந்த வருடம் அவள் அளவுக்குத் தூரம் ஓட்டிய மாணவர் வேறு யாருமில்லை என்று டெல்மரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். தன்னைப் பற்றிய கேலியை அடுத்தவர் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவது அவர் பழக்கம். அதனால் மனசில் பாதி வலிதான் மிஞ்சும் என்பது அவர் கணக்கு.

மனைவி நோரீனிடம் அந்தக் கணக்கு செல்லாது. நோரீனுக்கு ஆற்றோர மீன் பண்ணையில் வேலை. சால்மன் குஞ்சுகளை வளர்த்து ஆற்றில் விடுவார்கள். அவை கடலுக்குப் போய் வருடக்கணக்கில் சுற்றிவிட்டு, விட்ட இடத்துக்கே திரும்பி வரும்.

"எங்க மீனுங்களுக்கு மூளை பட்டாணி அளவு" என்பாள் அவள். "அலாஸ்கா வரைக்கும் போயிட்டு நேரா எங்க தொட்டிக்கு வந்து நிக்குதுங்க. நீ பால் வாங்கப் போயிட்டு எங்கேருந்து போன் பண்றே?"

இதையெல்லாம் பார்த்துத்தான் சியாட்டிலில் இருக்கும் மகள், அப்பாவின் பிறந்தநாளுக்கு ஒரு மஞ்சள் நிறக் கையடக்க ஜி.பி.எஸ். கருவியை வாங்கி அனுப்பினாள். கூடவே, "அப்பா, இனிமேல் அம்மா உங்களைத் தேடி வர வேண்டாம்" என்று ஒரு வாழ்த்து அட்டை.

அப்போது அந்தப் பக்கத்துக் காடுகளில் ஜியோகேச்சிங் என்றொரு பைத்தியம் பரவிக்கொண்டிருந்த சமயம். ஒருவர் ஒரு பெட்டியைக் காட்டில் எங்காவது ஒளித்து வைப்பார். அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் அந்த எண்களைக் கருவியில் ஏற்றிக்கொண்டு, அம்புக்குறி காட்டும் பக்கமாகப் போய்ப் பெட்டியைத் தேடிப் பிடிக்க வேண்டும். உள்ளே இருக்கும் தாளில் பெயரை எழுதிவிட்டு, ஒரு பொம்மையையோ பொத்தானையோ எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஒன்றை வைத்துவிட்டு, பெட்டியை மறுபடி ஒளித்துவிட்டு வர வேண்டும். இவ்வளவுதான் விளையாட்டு. வளர்ந்த ஆட்கள் இதற்காக மழையில் நனைந்துகொண்டு மரப்பொந்துகளில் கைவிட்டுத் துழாவினார்கள்.

வழி தெரியாத மனிதருக்கு இதைவிடப் பெரிய ஆசை வேறென்ன வரும்? டெல்மர் அதில் தலைகுப்புற விழுந்தார்.

முதல் வாரமே நிமிடக் கணக்கில் இருந்த ரேகை எண்களை விநாடிக் கணக்கில் ஏற்றிவிட்டு, ஒட்டகம் மாதிரிக் கழுத்து நீண்ட லாமாக்களை வளர்க்கும் யாரோ ஒருவருடைய பண்ணைக்குள் போய் நின்றார். ஒரு லாமா அவர் மேல் துப்பியது. அடுத்த தடவை, சாலையோடு ஒட்டிக்காட்டும் வசதியை அணைக்க மறந்துவிட்டார். அவர் காட்டுக்குள் நடக்க நடக்க, கருவி அவரை நெடுஞ்சாலையிலேயே நிற்பதாகக் காட்டிக்கொண்டிருந்தது. பேட்டரி மாற்றிய பிறகு திசைகாட்டியைச் சரிசெய்ய வேண்டும். அதற்குக் கருவியைப் படுக்கைவாட்டில் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே மெதுவாகச் சுற்ற வேண்டும் என்று கையேட்டில் படித்தார். மளிகைக்கடை வாசலில் நின்று அப்படியே சுற்றினார். வண்டி தள்ளிக்கொண்டு வந்த ஓர் அம்மாள் அவர் முழங்கையைப் பிடித்து, "மயக்கமா வருதா? உட்காருங்க, யாரையாவது கூப்பிடட்டுமா?" என்று கேட்டாள்.

இப்படி அந்தக் கருவியை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் செய்யக்கூடிய தப்புகளில் ஒன்றுவிடாமல் செய்து முடித்தார். அதன் பலன், வேறு யாருக்கு எந்தத் தப்பு நடந்தாலும் அவருக்கு உடனே காரணம் தெரிந்தது. இந்த விளையாட்டுக்கென்று ஊரில் இருந்த சங்கத்து ஆட்கள் போன் செய்ய ஆரம்பித்தார்கள். "வாத்தியாரே, அம்பு பின்பக்கமாக் காட்டுதே?" "நீங்க ஒரே இடத்துல நிக்கிறீங்க. கொஞ்ச தூரம் நடந்து பாருங்க." "வாத்தியாரே, புது பேட்டரி போட்டேன், காலின்னு சொல்லுதே?" "அது சார்ஜ் ஏத்துற ரகம். அமைப்புல போய் ரகத்தை மாத்துங்க." அறுபதை நெருங்கும் வயதில் முதல் தடவையாக, இடம் காட்டும் விஷயத்தில் ஊரார் அவரிடம் யோசனை கேட்டார்கள். பெருமையில் தலை கொஞ்சம் வீங்கியது. தொப்பியைத் தளர்த்திப் போட வேண்டியிருந்தது என்று பிற்பாடு அவரே சொன்னார்.

ஏப்ரல் மாதம் சங்கத்தின் ஒன்றுகூடல். பூங்காவின் தகரக்கூரைக்குக் கீழே, வெளியே மழை கொட்ட, உருளைக்கிழங்கு சாலடுக்கும் ஹாட் டாகுக்கும் நடுவில் டெல்மர் எழுந்து நின்று, 'கருவி தகராறு செய்தால்' என்று ஒரு சொற்பொழிவே ஆற்றினார். ஈர மரங்களுக்குக் கீழே எண்கள் ஏன் குதிக்கின்றன, காந்தம் வைத்த செல்போன் உறையைத் திசைகாட்டிக்குப் பக்கத்தில் ஏன் கொண்டுபோகக் கூடாது, கிளம்பும் முன் திறந்தவெளியில் ஏன் சற்று நேரம் காத்திருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாக விளக்கினார். கடைசியாகப் பெரிய விஷயத்துக்கு வந்தார்.

"இதை நல்லாக் கவனிங்க. பூமியை அளக்க பழைய கணக்கு ஒண்ணு இருக்கு, புதுக் கணக்கு ஒண்ணு இருக்கு. நம்ம விளையாட்டு பூராவும் புதுக் கணக்குல. பழைய காகித மேப் பழைய கணக்குல. உங்க கருவி எந்தக் கணக்குல இருக்குன்னு பார்க்காமக் கிளம்பாதீங்க. இதோ, பாருங்க!"

தன் மஞ்சள் கருவியை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிப் பிடித்து, அமைப்பைப் பழைய கணக்குக்கு மாற்றினார். நின்ற இடத்திலிருந்து ஓர் அங்குலம் நகராமலே எண்கள் மாறின. "நான் நகரல. ஆனா இது என்னை நூறு கஜம் தள்ளி வெச்சிருச்சு!" என்றார். கைதட்டல் எழுந்தது. மரம் வெட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற தாடிக்கார கஸ் பெல்டியே விசிலே அடித்தார். டெல்மர் குனிந்து வணங்கி, கருவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஆப்பிள் பை சாப்பிடப் போய்விட்டார்.

அந்தச் சூட்டோடு சூடாகத் தன் முதல் பெட்டியை ஒளித்து வைத்தார். பச்சை நிறத்துப் பழைய ராணுவத் தோட்டாப் பெட்டி ஒன்றை ஆற்றோரப் பாதைக்கு மேற்கே, விழுந்து கிடந்த ஒரு பெரிய டக்ளஸ் ஊசியிலை மரத்தின் அடியில், பெரணி இலைகளைப் போட்டு மூடி வைத்தார். எண்களைக் கவனமாகக் குறித்து, வேறொரு நாள் மறுபடி போய்ச் சோதித்தும் பார்த்தார். கருவி அவரை மரத்தடிக்கே கொண்டுபோய் நிறுத்தியது. எண்களை இணையத்தில் போட்டார். எளிதான பெட்டி, குழந்தைகளும் தேடலாம் என்று குறிப்பும் எழுதினார்.

முதல் பதிவு: 'கிடைக்கவில்லை.' இரண்டாவது: 'கிடைக்கவில்லை. முள்.' மூன்றாவது: 'இது எளிது என்றால் கஷ்டமானது எது?' பதிவுகள் வந்துகொண்டேயிருந்தன. டெல்மர் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் எழுதினார். பேட்டரியைப் பாருங்கள். திசைகாட்டியைச் சுற்றிச் சரிசெய்யுங்கள். மர நிழலில் அவசரப்படாதீர்கள். கஸ்ஸுக்கு, கருவி பழசாகிவிட்டது, புதிது வாங்கலாமே என்று யோசனை சொன்னார். பள்ளிப் பேருந்து ஓட்டும் இமோஜின் பர்செல் அந்தச் சங்கத்தில் எல்லோரையும்விட அதிகமான பெட்டிகளைக் கண்டுபிடித்தவள். அவளுக்கு மூக்குக்கண்ணாடியைச் சோதித்துக்கொள்ளும்படி எழுதினார்.

"அவளுக்கா அப்படி எழுதினே?" என்றாள் நோரீன், திரையைப் பார்த்து.

"மரியாதையாத்தான் எழுதியிருக்கேன்."

"ஆமா, தெரியுது. 'அன்புடன்'னு போட்டிருக்கே."

அந்தச் சனிக்கிழமை இமோஜினும் கஸ்ஸும் டெல்மர் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார்கள். இமோஜின் கையை நீட்டினாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சிவப்புக் கீறல்கள்.

"வாத்தியாரே, என் கண்ணாடி நல்லாத்தான் இருக்கு" என்றாள். "வாங்க. நீங்களே வந்து காட்டுங்க."

"தாராளமா" என்றார் டெல்மர். உள்ளே சந்தோஷம்கூட. செயல்முறை வகுப்பு.

ஆற்றோரப் பாதையில் மூவரும் நடந்தார்கள். ஓரிடத்தில் டெல்மரின் அம்பு இடப்பக்கம் திரும்பியது. மற்ற இருவரும் வலப்பக்கம் திரும்பினார்கள். வலப்பக்கம் என்றால் கிழக்கே இறங்கும் பள்ளம். ஆள் உயரத்துக்கு மேல் பிளாக்பெர்ரி முள்புதர். அந்தப் புதருக்குள் பல பேர் நெருக்கியடித்து நுழைந்த தடம் தெரிந்தது. ஒரு கிளையில் யாருடைய கம்பளித் தொப்பியோ தொங்கிக்கொண்டிருந்தது.

"எங்க போறீங்க?" என்றார் டெல்மர். "இந்தப் பக்கம்."

"என்னுது அங்க காட்டுது" என்றார் கஸ்.

"என்னுதும் அங்கதான்" என்றாள் இமோஜின்.

டெல்மர் இருவரையும் பரிதாபமாகப் பார்த்தார். "ரெண்டு கருவியும் ஒரே நேரத்துல கெட்டுப்போச்சா? ஒரே கடையில வாங்கினீங்களோ?"

அவர்களைப் பின்னால் வரச்சொல்லிவிட்டு நேராக நடந்து, விழுந்த மரத்தடியில் குனிந்து, பெரணியை விலக்கி, பச்சைப் பெட்டியை எடுத்துத் தூக்கிக் காட்டினார். "இது என்னவாம்?"

கஸ் பெட்டியைப் பார்த்தார். இமோஜின் பெட்டியைப் பார்க்கவேயில்லை. "உங்க கருவியைக் கொஞ்சம் குடுங்க" என்றாள். வாங்கி இரண்டு பொத்தான்களை அழுத்தினாள். திரையைத் திருப்பி அவர் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

பழைய கணக்கு.

டெல்மருக்குத் தகரக்கூரை, மழைச் சத்தம், கைதட்டல் எல்லாம் ஒன்றாகக் காதில் விழுந்தது. குறித்ததும் தப்புக் கணக்கில், சோதித்ததும் அதே தப்புக் கணக்கில். அதனால்தான் கருவி அவரிடம் மட்டும் உண்மை பேசியிருக்கிறது. ஊரிலுள்ள மற்ற எல்லோரையும் அவர் முள்ளுக்குள் அனுப்பியிருக்கிறார். அனுப்பியதோடு நிற்காமல் அவர்களுடைய பேட்டரியையும் கண்ணையும் குறை சொல்லியிருக்கிறார்.

"மாத்திக் காட்டினீங்க" என்றாள் இமோஜின் அமைதியாக. "திருப்பி மாத்தினீங்களா?"

"ஆப்பிள் பை சாப்பிடப் போயிட்டேன்" என்றார் டெல்மர்.

கஸ் சிரிக்க ஆரம்பித்தார். மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார், பிறகு மரத்தின் மேலேயே உட்கார்ந்து சிரித்தார். "அஞ்சு தடவை போனேன்யா அந்தப் பள்ளத்துக்குள்ள! என் பேண்ட்டு, என் நல்ல பேண்ட்டு! நீ எனக்குப் புதுக் கருவி வாங்கச் சொன்னே, நான் வாங்கியும் தொலைச்சேன்!" அவர் கையிலிருந்தது பளபளவென்று புதிதாகத்தான் இருந்தது. டெல்மர் அப்போதுதான் கவனித்தார்.

அன்று மாலையே டெல்மர் இணையத்தில் நடந்ததை ஒளிக்காமல் எழுதினார். முட்டாள் என்ற சொல்லைத் தனக்கு மூன்று இடத்தில் போட்டிருந்தார். நோரீன் படித்துப் பார்த்து ஓர் இடத்தில் எடுத்துவிட்டாள், "ரெண்டு போதும், ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரியும்" என்று. எண்களைத் திருத்தப் போனபோதுதான் சங்கத்திலிருந்து ஓர் எதிர்ப்பு வந்தது. அந்தப் பள்ளத்தில் அத்தனை பேர் ரத்தம் சிந்தியிருக்கிறார்கள், அந்த இடத்தைச் சும்மா விடக்கூடாது என்றார்கள். கஸ் ஒரு பழைய காப்பித் தகர டப்பாவை எடுத்துக்கொண்டு போய், முள்புதரின் நட்டநடுவில் தப்பான எண்கள் காட்டும் அதே இடத்தில் வைத்துவிட்டு வந்தார். இரண்டு பெட்டிகளுக்கு நடுவில் பத்தில் ஒரு மைலாவது இருக்க வேண்டும் என்பது விளையாட்டின் விதி. நூறு கஜம் போதாது. ஒன்றை எடுத்தாக வேண்டும். வாக்கெடுப்பில் டெல்மரின் சொந்தப் பெட்டி தோற்றது. அவரும் கையைத் தூக்கித் தன் பெட்டிக்கு எதிராகத்தான் வாக்களித்தார்.

காப்பி டப்பாவைத் தேடிப் பக்கத்து மாநிலத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். தேடாதவர் டெல்மர் ஒருவர்தான். வெட்கம் ஒரு பக்கம். முள்ளுக்குப் பயம் இன்னொரு பக்கம். ஆகஸ்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதுவரை ஒருமுறைகூட அவருடன் காட்டுக்கு வராத நோரீன், மீன் பண்ணைத் தொட்டிக்குள் இறங்கும்போது போடுகிற, இடுப்புவரை வரும் ரப்பர் பூட்ஸைக் கொண்டுவந்து காரில் போட்டாள்.

"கிளம்பு" என்றாள். "எவ்வளவு நாளைக்குத்தான் ஓரமாவே போவே?"

பாதையோரத்தில் டெல்மர் கருவியை எடுத்து, கணக்கைப் பார்த்தார், மறுபடி பார்த்தார், அவளிடம் நீட்டி அவளையும் பார்க்கச் சொன்னார். பிறகு அம்பைப் பார்த்துக்கொண்டே புதருக்குள் நுழைந்தார். பழம் கறுத்துக் கனிந்திருந்தது, கொடிகள் அதைவிடக் கெட்டியாகியிருந்தன. சட்டை ஒரு பக்கம் மாட்டிக்கொண்டது, விடுவித்தபோது தொப்பி மறுபக்கம் மாட்டிக்கொண்டது. "ஈரம் இல்ல, மரமும் கம்மி, எண் குதிக்காது, பொறுமையாப் போனா..." என்று தனக்குத்தானே பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, நோரீன் ரப்பர் பூட்ஸில் முள்ளையெல்லாம் மிதித்துத் தள்ளிக்கொண்டு, வழியில் பழங்களைப் பறித்து வாயில் போட்டுக்கொண்டு அவரைக் கடந்து போனாள். கொஞ்ச நேரத்தில் அவள் குரல் கேட்டது.

"இந்தக் காப்பி டப்பாதானா?"

டெல்மர் ஒரு கையால் முகத்தை மறைத்துக்கொண்டு ஒருவழியாக அவள் பக்கத்தில் வந்து சேர்ந்தார். அவள் தாளில் தன் பெயரை எழுதி முடித்துவிட்டு டப்பாவை மூடிக்கொண்டிருந்தாள்.

"இரு, இரு. நானும் எழுதணும்."

"நீ எதுக்கு?" என்றாள் நோரீன், டப்பாவைத் திருப்பிக் காட்டி. மரம் வெட்டுகிறவர்கள் குறிபோடும் தடித்த நீல மெழுகுக் கட்டியால் கஸ் பெரிய பெரிய எழுத்தில் 'டெல்மர் வாத்தியாரின் நூறு கஜம்' என்று எழுதி வைத்திருந்தார். "உன் பேருதான் மூடியிலயே இருக்கே."