கீழ்வீட்டுக்கு வந்த சவப்பெட்டி

ஜெர்மனியின் டுசல்டோர்ஃப் நகரில் தமிழர் வீட்டில் கலியாணமோ சாமத்திய வீடோ அறுபதாம் கலியாணமோ, எது நடந்தாலும் மண்டபத்துக்கும் சாப்பாட்டுக்கும் முதலில் என்னிடம்தான் வருவார்கள். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. ஊரே சொல்கிறது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டதா, நான் பள்ளிக்கூடத்தை விட்டேனா என்பது இன்னும் தீராத வழக்கு. ஆனாலும் பட்டம் பெற்ற மூன்று பேர் இன்றைக்கு என் அலுவலகத்தில் இருந்து எனக்காகக் கடிதம் எழுதுகிறார்கள். எழுத்து அவர்களுடையது, வாய் என்னுடையது. அந்த வாய் எனக்கு எங்கே திறந்தது என்று யாராவது கேட்டால், பன்னிரண்டு வயதில், ஒரு சவப்பெட்டிக்கு முன்னால் என்று சொல்வேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். நாங்கள் அகதி முகாமை விட்டு ஒரு மாடி வீட்டின் இரண்டாம் தளத்துக்கு வந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. முகாமில் நாற்பது பேருக்கு ஒரு அடுப்படி. அப்பா, அம்மா, சித்தப்பா, நான் எல்லோரும் ஒரே அறை, நடுவே ஒரு சீலை. புது வீட்டில் எனக்கென்று ஒரு கதவு இருந்தது. சாத்தினால் சாத்துப்படுகிற கதவு. நான் தேவையில்லாமலே அதைச் சாத்தித் திறந்து சாத்தித் திறந்து பார்ப்பேன்.

அந்தக் கதவுக்குத்தான் ஆபத்து வந்தது. வீட்டு நிர்வாகத்திலிருந்து ஒரு கடிதம். எங்கள் குடும்பத்தில் ஜெர்மன் வாசிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான், ஆகவே நான்தான் வாசித்துச் சொன்னேன். படிக்கட்டு முழுக்க மிளகாய் வாசம், சத்தம் வேறு, இன்னும் ஒரே ஒரு முறைப்பாடு வந்தாலும் வீட்டைவிட்டு எழும்ப வேண்டியதுதான். முறையிட்டவர் எங்களுக்கு நேர் கீழே இருந்த டிராம் ஓட்டுநர். மலைபோல ஒரு மனிதர். படியில் எங்களைக் கண்டால் சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்.

அன்றிலிருந்து அம்மா மிளகாய் வறுக்கும்போது கதவுக்கடியில் ஈரத் துவாயைத் திணித்தார். அப்பா தெருக்கதவிலேயே சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு காலுறையோடு படியேறினார். சித்தப்பாவுக்கு மூன்று வீடு கேட்கிற தும்மல். அது வருகிறது என்று தெரிந்ததும் ஓடிப்போய்த் தலையணைக்குள் முகத்தைப் புதைப்பார்.

இப்படி இருக்க, ஒரு செப்டம்பர் சனிக்கிழமை பின்னேரம், நான் யன்னலில் நிற்கிறேன். வாசலில் ஒரு வான் வந்து நின்றது. அதிலிருந்து கறுப்புச் சட்டை போட்ட ஆறு ஆண்கள் இறங்கினார்கள். முன்னால் நின்றவர் கீழ்வீட்டுக்காரர். கண்ணுக்குக் கீழே கறுப்பு மை வழிந்து கன்னம் முழுக்க ஓடியிருந்தது. அத்தனை பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். ஆறு பேருமாக வானுக்குள்ளிருந்து ஒரு சவப்பெட்டியை இழுத்துத் தோளில் வைத்தார்கள்.

நான் கூப்பிட, மூன்று பேரும் யன்னலுக்கு ஓடி வந்தார்கள். அப்பா சிலுவை போட்டுக்கொண்டார்.

"இஞ்சேருங்கோ, கீழ்வீட்டிலை சாவு," என்றார் அம்மா.

"அதென்ன, சட்டையிலை நம்பர் குத்திக் கிடக்கு?" என்று அப்பா கேட்டார்.

சித்தப்பா எங்களுக்கு இரண்டு வருஷம் முன்னதாக ஜெர்மனிக்கு வந்தவர். ஒரு உணவகத்தில் கோப்பை கழுவினார். அந்த இரண்டு வருஷ அனுபவத்தை எங்கள் தலையில் ஏற்றிக்கொண்டே இருந்தார். "அண்ணை, இவங்கள் எல்லாத்துக்கும் நம்பர் போடுறவங்கள். பெட்டி தூக்கிறவை ஒழுங்கு மாறி நிக்கப்படாது எண்டு," என்றார். அப்பா தலையாட்டினார். எனக்கும் அது மிகச் சரியாகவே பட்டது.

"எங்களைக் கண்டாலே சுவரைப் பாக்கிற மனுசன். போறதோ, விடுறதோ?" என்றார் அப்பா.

"சாவு வீட்டுக்கு ஆர் அழைப்பு வைக்கிறது? அவை இண்டைக்கு அடுப்பு மூட்ட ஏலாது. அயல் எண்டு நாங்கள்தானே இருக்கிறம்?" என்று கேட்டுக்கொண்டே அம்மா அரிசியை எடுத்துவிட்டார்.

செத்த வீட்டில் அடுப்பு எரியக் கூடாது, அயல்வீடுதான் சமைத்துக்கொண்டு போக வேண்டும். எங்கள் ஊரில் அதைச் சட்டம் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதியிருந்தால் இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்க மாட்டார்கள். மீன் இல்லை, இறைச்சி இல்லை. சோறு, பருப்பு, பூசணிக்காய்க் கறி, கத்தரிக்காய்க் குழம்பு. கதவுக்கடியில் துவாய் வைக்காமலே அம்மா மிளகாயைத் தாளித்தார். நான் துவாயைத் தூக்கிக்கொண்டு ஓடினேன்.

"அம்மா, துவாய்!"

"சாவு வீட்டுக்குச் சமைக்கிற சோத்துக்கு ஆரடி முறைப்பாடு வைக்கிறது? விசரே உனக்கு?"

அம்மா வெள்ளைச் சேலை உடுத்தார். அப்பா தேவாலயத்துக்குப் போடுகிற கோட்டைப் போட்டார். சோற்றுப் பானையைச் சித்தப்பா தூக்கினார். படியிறங்கும் முன் அப்பா எனக்குப் பாடம் எடுத்தார்: "சிரிக்கப்படாது. வணக்கம் சொல்லப்படாது. வெளிக்கிடேக்கை போட்டு வாறம் எண்டு சொல்லப்படாது. ஜெர்மனிலையும் சொல்லிப் போடாதை. அவை விடைபெறேக்கை மறுபடி சந்திப்பம் எண்டெல்லே சொல்லுறவை? செத்த வீட்டிலை மறுபடி சந்திக்கிறதோ?"

கீழ்வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர், ஆணும் பெண்ணும், கறுப்புச் சட்டையோடு குந்தியிருந்தார்கள். நடுவே இரண்டு கதிரையின் மேல் பெட்டி. அம்மா யாரையும் பார்க்கவில்லை. நேரே போய்ப் பெட்டிக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார். கொண்டையை அவிழ்த்தார். பிறகு வாய்விட்டு அழத் தொடங்கினார். நான் அம்மாவின் அந்தக் குரலை அதற்கு முன் கேட்டதில்லை. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது என்றால் பொய்யில்லை.

அப்பா கையைக் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றார். சித்தப்பா தலையைக் குனிந்தபடி ஒவ்வொருவர் கையையும் இரண்டு கையாலும் பிடித்துப் பிடித்து விட்டுக்கொண்டு போனார். தாடிக்காரர் ஒருவர் அவரை விடவேயில்லை. கட்டிப்பிடித்து, சித்தப்பாவின் தோளில் மையும் கண்ணீருமாக அப்பிவிட்டார்.

அப்போதுதான் மூலையில் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த தொலைக்காட்சி என் கண்ணில் பட்டது. தலைக்கவசமும் தோளில் பாளம் பாளமாகக் கவசமும் மாட்டிய ஆட்கள், இந்த வீட்டிலிருந்தவர்கள் போட்டிருந்த அதே கறுப்புச் சட்டையும் கண்ணுக்கடியில் அதே மையுமாக, முட்டை மாதிரி ஒரு பந்துக்காக ஒருவர் மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார்கள். பிறகு ஒருவன் பந்தை உதைத்தான். பந்து உயரப் போய், இரண்டு நெடுங்கம்பங்களுக்கு நடுவே விழாமல் ஒரு கம்பத்தில் பட்டுத் தெறித்தது. வீடு முழுக்க ஒரே முனகல்.

கீழ்வீட்டுக்காரரின் மனைவி கையைத் தொட்டு, யார் செத்தது என்று கேட்டேன்.

"யாரும் சாகவில்லை, கண்ணு. இன்றைக்கு அமெரிக்கக் கால்பந்து இறுதி ஆட்டம். எங்கள் நகரம் தோற்றுப்போச்சு. ஒரு உதையில் போச்சு. அதைத்தான் திரும்பக் காட்டுகிறார்கள்," என்றாள். "இந்தப் பெட்டி எதிரணிக்காகச் செய்தது. வென்றிருந்தால் அவர்களை இதில் வைத்துத் தெருத்தெருவாய் ஊர்வலம் போயிருப்போம். அங்கேயே போட்டுவிட்டு வந்தால் அவர்கள் சிரிப்பார்களே?" சொல்லச் சொல்ல அவளுக்கும் அழுகை வந்தது.

விளையாட்டில் தோற்றவன் வீட்டுக்கு வெள்ளைச் சேலை கட்டிச் சோற்றுப் பானையோடு வந்து ஒப்பாரி வைத்தால் அந்த மனிதன் என்ன நினைப்பான்? கேலி செய்கிறோம் என்றுதானே? நாளைக்கே ஒரு முறைப்பாடு. ஒன்று போதும். திரும்ப முகாம், திரும்பச் சீலை. என் கதவு போய்விடும்.

மலைமனிதர் எழும்பினார். என் முன்னால் வந்து நின்றார்.

"உன் அம்மா ஏன் அழுகிறாள்?"

பன்னிரண்டு வயதுப் பிள்ளை வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கும், அல்லது ஓடியிருக்கும். நான் இரண்டும் செய்யவில்லை.

"நீங்கள் தோற்றதற்குத்தான்," என்றேன். "எங்கள் ஊரில் இறுதி ஆட்டத்தில் தோற்றவர் வீட்டில் அன்றைக்குச் சமைக்க மாட்டார்கள். அயலவர்தான் சோறு கொண்டுபோய், கூட இருந்து அழ வேண்டும்."

அவர் என்னைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார்.

"ஒவ்வொரு தோல்விக்குமா?"

"இல்லை. இறுதி ஆட்டத்துக்கு மட்டும்."

அவர் கன்னத்து மையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். திரும்பி, நான் சொன்னதை அப்படியே எல்லோருக்கும் சொன்னார். தாடிக்காரர் தொப்பியைக் கழற்றினார். யாரோ தட்டுகளை எடுத்து வந்தார்கள். கத்தரிக்காய்க் குழம்பில் இரண்டாம் கரண்டியிலேயே எல்லோர் கண்ணிலும் புதிதாகத் தண்ணீர் வந்தது. ஆனால் ஒருவரும் தட்டைக் கீழே வைக்கவில்லை. துக்கம் துக்கம்தான் என்று சாப்பிட்டார்கள்.

ஒரு பக்கம் முடிந்தது. மறுபக்கம் இருக்கிறதே!

"செத்தது ஆராம், பிள்ளை?" என்று அப்பா காதுக்குள் கேட்டார்.

"அவரின்ரை பெரியப்பாவாம்."

சித்தப்பா பெட்டியை அளந்துகொண்டிருந்தார். "ஏன் பெட்டி கட்டையாக் கிடக்கு?"

"சீனி வருத்தமாம். ரெண்டு காலும் எடுத்தாச்சாம்."

"ஐயோ பாவம்," என்று அப்பா கண்ணைத் துடைத்தார். "பிரேதம் எப்ப எடுக்கினமாம், கேள்."

பெட்டியை என்ன செய்யப்போகிறீர்கள் என்று கீழ்வீட்டுக்காரரைக் கேட்டேன். "நிலவறையில் வைப்போம். அடுத்த வருஷம் கட்டாயம் தேவைப்படும்," என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"திங்கட்கிழமையாம், அப்பா."

நாங்கள் விடைபெறாமலே எழும்பி வந்தோம். அந்த மௌனத்தைப் பற்றிக் கீழ்வீட்டுக்காரர் பல வருஷம் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

முறைப்பாடு வரவில்லை. மாறாக, வாசத்தால் தனக்கு ஒரு தொந்தரவும் இல்லை என்று அவரே நிர்வாகத்துக்கு எழுதிப்போட்டார். ஆனால் ஒரு பொய்க்குத் தீனி போட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்று நான் படித்தது அப்போதுதான். இரண்டு வாரம் கழித்து வெங்காயச் சாக்கை எடுக்க நிலவறைக்குப் போன அப்பா, வெங்காயம் இல்லாமல் ஓடி வந்தார்.

"பிள்ளை! அந்த மனுசனை இன்னும் எடுக்கேல்லையடி! சைக்கிளுக்குப் பக்கத்திலை கிடக்குது பெட்டி!"

"எரிச்சாச்சு அப்பா. எரிச்சாப் பிறகு பெட்டியைத் திருப்பிக் குடுப்பினமாம்."

"நான் சொன்னனான் எல்லோ," என்றார் சித்தப்பா. "ஜெர்மன்காரன் ஒண்டையும் எறிய மாட்டான்."

செத்த வீட்டு முறைப்படி முப்பத்தோராம் நாள் சடங்குக்கு அம்மா மறுபடி சமைத்துக்கொண்டு கீழே போனார். அதற்கும் ஒரு விளக்கம் சொன்னேன், அது இப்போது ஞாபகமில்லை, நல்ல விளக்கமாகத்தான் இருந்திருக்கும். கீழ்வீட்டுக்காரர் கூட்டாளிகள் எல்லோரையும் கூப்பிட்டுவிட்டார். சாப்பிட்டு முடிய அப்பாவுக்குப் பன்னிரண்டாம் நம்பர் கறுப்புச் சட்டை ஒன்றை இரண்டு கையாலும் கொடுத்தார்கள். அப்பா அதை மடித்து அலுமாரியில் வைத்தார். மறு வருஷம் வேலையிடத்தில் ஒரு ஜெர்மன்காரர் இறந்தபோது, அதை எடுத்து ஸ்திரிக்கையால் தேய்த்து, போட்டுக்கொண்டு அடக்கத்துக்குப் போனார். அங்கே என்ன நடந்தது என்று கடைசி வரையும் எங்களுக்குச் சொல்லவில்லை.

இந்தக் கதையை நான் எத்தனை மண்டபத்தில் சொல்லியிருப்பேன்! ஒவ்வொரு முறையும் சனம் வயிறு குலுங்கச் சிரிக்கும். எவ்வளவு கெட்டிக்காரி என்று என்னைச் சொல்வார்கள், நானும் ஓம் என்பேன். ஆனால் ஒரு துண்டை மட்டும் சொல்வதில்லை.

அன்றைக்குப் பெட்டிக்குப் பக்கத்தில் இருந்து அம்மா கூப்பிட்டு அழுதது, தம்பி, தம்பி என்று. கடலுக்குப் போன என்ரை தம்பி, உன்ரை முகத்தை ஒருக்காக் காட்டாமல் போனியே என்று. மன்னாரில் என் மாமா படகோடு கடலில் மாண்டுபோன செய்தி அதற்கு இரண்டு மாதம் முன்னால் வந்திருந்தது. செய்தி வந்த அன்றைக்கு அம்மா சமைத்தார், கோப்பை கழுவினார், எனக்குத் தலை பின்னிவிட்டார். ஒரு சத்தம் வெளியே வரவில்லை. சத்தம் போடக் கூடாது என்று கடிதத்தில் இருந்தது. அதை வாசித்துச் சொன்னவள் நான்.

கீழ்வீட்டிலிருந்து படியேறும்போது எனக்கு இருந்த கவலையெல்லாம் வேறு. என் கதையில் ஓட்டை விழுந்துவிடுமே என்று பயந்து, நடுப்படியில் அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்தேன்.

"அம்மா, செத்தது தம்பியில்லை. கால் இல்லாத கிழவர். இஞ்சை கடலும் இல்லை. அடுத்தமுறை சரியாச் சொல்லி அழுங்கோ."

அம்மா அவிழ்ந்த தலைமயிரை அள்ளி முடிந்துகொண்டார்.

"ஓம் பிள்ளை, பிழைச்சுப் போச்சு," என்றார்.